நோயோடு வாழ்வோரும் பணியிடமும்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியின் வாயிலில், உள்ளே நுழைவோர் அனைவர் கண்ணிலும் படும்படி, ஒரு பழமொழி பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. 'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது அது. நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு அதன்கீழ் நின்று மாணவர்களை வரவேற்பது என் வழக்கம். அப்பழமொழி பொய்யன்று. ஆயினும், அச்செல்வத்தை இழந்தவர்களும் அதே வாயில் வழியாகத்தான் தங்கள் பணிக்கு வருகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நோய்கள் இருவகைப்படும். சில நோய்கள் விருந்தினரைப் போன்றவை. காய்ச்சல் வரும்; நான்கு நாட்கள் தங்கும்; போய்விடும். வேறு சில நோய்கள் வீட்டுக்குள் வந்து குடியேறிவிடுபவை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, வலிப்பு, மூட்டுவாதம், இருதய நோய், சிறுநீரக நோய் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றைப் பெரும்பாலும் அடியோடு விரட்ட இயலாது. அடக்கி வைத்துக்கொண்டு வாழலாம். இவ்வாறு வாழ்பவர் படுக்கையிற் கிடப்பவர் அல்லர். அவர் காலையில் எழுந்து, மருந்தை உட்கொண்டு, பேருந்தில் ஏறி, உங்களையும் என்னையும் போலவே வேலைக்கு வருகிறார். எட்டு மணி நேரம் உழைக்கிறார். அந்த எட்டு மணி நேரம் அவருக்கு எப்படிக் கழிகிறது என்பதுதான் கேள்வி.

இக்கேள்வி சிலருக்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் பிற ஆய்வாளர்களோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர் என்று அது கணக்கிட்டது. ஆகவே, உங்கள் வகுப்பில் பாடம் நடத்துபவர், நீங்கள் ஏறிய பேருந்தை ஓட்டுபவர், அஞ்சலகத்தில் உங்களுக்கு அஞ்சல்தலை தருபவர் ஆகிய மூவருள் ஒருவராவது ஏதேனும் ஒரு நீடித்த நோயோடு பணிபுரிபவராக இருத்தல் கூடும். நாளை நீங்கள் ஓர் அலுவலகத்திற் சேரும்பொழுது, உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் அத்தகையவராக இருக்கலாம். ஏன், அவர் நீங்களாகவே இருக்கலாம்.

இனி, நான் செய்த ஒரு பிழையைச் சொல்லப் போகிறேன். ஆசிரியன் தன் பிழையை மாணவர் முன் ஒப்புக்கொள்வது இழிவன்று என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எனக்குக் கற்பித்தார்கள். கற்றதைக் கடைப்பிடிக்க எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. எங்கள் பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். கற்பிப்பதில் வல்லவர். ஆனால் நான்காம் பாடவேளையில் மட்டும் அவர் வேறு மனிதராகிவிடுவார் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். எளிய கணக்கில் தடுமாறுவார்; காரணமின்றிச் சினம் கொள்வார்; சொன்னதையே திரும்பச் சொல்வார்; நெற்றியில் வியர்வை வழியும். சில நாட்களில் வகுப்பின் இடையே வெளியே சென்று ஐந்து நிமிடம் கழித்துத் திரும்புவார். 'அவர் எங்கோ போய்க் குடித்துவிட்டு வருகிறார்' என்று ஒரு வதந்தி எழுந்தது. நான் விசாரித்தேனா? இல்லை. பாடவேளையில் வகுப்பை விட்டு நீங்கியமைக்கு விளக்கம் கேட்டு இருமுறை குறிப்பாணை அனுப்பினேன். இருமுறையும் 'இனி நிகழாது' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஒரு நாள் மேலதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். அவர் புறப்படும் வரையில் எந்த ஆசிரியரும் வகுப்பை விட்டு வெளியேறலாகாது என்று நான் ஆணையிட்டிருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு அடிக்க வேண்டிய உணவு மணி ஒன்றேகால் ஆகியும் அடிக்கவில்லை. அதிகாரியோடு நான் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது, அந்த ஆசிரியர் கரும்பலகையைப் பற்றிக்கொண்டு நின்றார். கால்கள் தள்ளாடின. நாங்கள் கேட்ட கேள்விக்குக் குழறலாக ஏதோ சொன்னார். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. நாற்பது மாணவர்களின் முன்னிலையில், 'இந்நிலையில் பள்ளிக்கு வர உமக்கு வெட்கமில்லையா? வெளியே போம்!' என்று சொன்னேன்.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். என் அனுமதியைக்கூடக் கேளாமல் முன்னே வந்தாள். 'ஐயா, சார் குடிக்கவில்லை. எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் வரும். சர்க்கரை இறங்கிவிட்டது' என்றாள். தன் உணவுப் பெட்டியில் இருந்த கடலை உருண்டையைப் பிட்டு அவர் கையில் வைத்தாள்; பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாய், சத்துணவுக் கூடத்திற்கு ஓடிச் சென்று ஒரு குவளை நீரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அவர் அதைப் பருகினார். பதினைந்து நிமிடங்களில் அவர் முகம் தெளிந்தது, பேச்சுத் திருந்தியது. தெளிந்ததும் அவர் சொன்ன முதற்சொல் என்ன தெரியுமா? 'மன்னிக்க வேண்டும் ஐயா' என்பதுதான். பிறகு தாழ்ந்த குரலில், 'இதைப் பணிப்பதிவேட்டில் எழுதிவிடுவீர்களா?' என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அவரோ என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். அவர் பதினைந்து ஆண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். காலையில் ஊசி போட்டுக்கொண்டால், குறித்த நேரத்தில் உணவு உட்கொள்ள வேண்டும். உணவு தாமதமானால் இரத்தத்தில் உள்ள சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். மூளை தன் வேலைக்குப் பெரும்பாலும் சர்க்கரையையே நம்பியிருப்பதால், அது குறையும்போது சிந்தை கலங்குகிறது, நாக்குக் குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, வியர்க்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இது குடிமயக்கம் போலவே தோன்றும். நான்காம் பாடவேளையில் அவர் வெளியே சென்றதெல்லாம் ஒரு மிட்டாயை வாயிலிட்டுக்கொள்வதற்காக. என் குறிப்பாணைக்கு அஞ்சி அதையும் நிறுத்திவிட்டார். அன்று அவரைத் தள்ளாடச் செய்தது அவருடைய நோய் மட்டுமன்று, என் ஆணையுந்தான்.

'இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?' என்று கேட்டேன். 'சொன்னால் தகுதியற்றவன் என்று ஒதுக்கிவிடுவீர்கள் என்று அஞ்சினேன்' என்றார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. நான் அப்பொழுது அப்படிப்பட்ட தலைமையாசிரியனாகத்தான் இருந்தேன்.

மறுநாள் அவருடைய இசைவைப் பெற்றுக்கொண்டு, அதே ஒன்பதாம் வகுப்பிற்குச் சென்று, அதே மாணவர்களின் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குறிப்பாணைகள் இரண்டையும் இரத்துச் செய்து கோப்பில் எழுதினேன். கால அட்டவணையைத் திருத்தி, நான்காம் பாடவேளையை அவருக்கு ஓய்வுவேளை ஆக்கினேன். ஆசிரியர் ஓய்வறை அலமாரியில் ஒரு சிறு புட்டியில் சர்க்கரை வைக்கச் செய்தேன். ஊசி போட்டுக்கொள்ள அவர் அதுவரை கழிப்பறையின் மூலையைத்தான் நாடியிருந்தார். ஆய்வுக்கூடத்தின் ஒரு பகுதியைத் தட்டியால் மறைத்து அதற்கு இடம் செய்தோம். இவ்வளவுக்கும் பள்ளிக்கு ஆன செலவு ஒரு தட்டியின் விலை. அவர் அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். அவரிடம் கணிதம் கற்றவர்களில் பொறியாளர்களும் உண்டு. கணித ஆசிரியர்களும் உண்டு.

நேயர்களே, வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். கனடா நாட்டின் டொரான்டோ நகரில், 1921 ஆம் ஆண்டில் பான்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுக்க வழி கண்டார்கள். 1922 சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன், இளமையில் இந்நோய் கண்டவர்கள் சில ஆண்டுகளுக்குள் மடிவதே இயல்பாக இருந்தது. இன்சுலின் வந்தபின் அவர்கள் வளர்ந்தார்கள், படித்தார்கள், பணிக்கு வந்தார்கள். மருத்துவர் ஆய்வுக்கூடத்தில் வென்று கொடுத்த உயிரை, நான் ஒரு தவறான ஆணையால் வகுப்பறையில் இழக்கவிருந்தேன்.

நம் சென்னை மாநகரமும் இவ்வரலாற்றில் ஒரு சிறந்த இடத்தைப் பெற்றுள்ளது. காசநோய் கண்டவரை வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் பிரித்து, ஊருக்குப் புறத்தே ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்கில் வைத்துப் பேணுவதே ஒரு காலத்தில் மருத்துவ முறையாக இருந்தது. 1928 ஆம் ஆண்டில் தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து நிறுவிய ஆரோக்கிய நிலையத்தின் பெயரை அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. குடும்பத் தலைவர் அங்கே சென்றால், வீட்டில் அடுப்பு எரிவது யாரால்? இந்நிலையில், 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அங்கு ஓர் அரிய ஆய்வு நடந்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் ஆரோக்கிய நிலையத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்று மருந்து உண்டனர். மற்றப் பகுதியினர் தங்கள் ஏழை வீடுகளிலேயே இருந்து அதே மருந்தை உண்டனர். ஓராண்டின் முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒத்த அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959 இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. மருந்தை ஒழுங்காக உண்பவரை ஒதுக்கிவைக்க வேண்டுவதில்லை என்று மெய்ப்பித்தவர்கள் சென்னையின் எளிய மக்கள்.

இதனால் விளங்குவது யாது? மருத்துவம் முன்னேறுந்தோறும் நோயாளி படுக்கையை விட்டு எழுந்து பணியிடத்துக்கு வருகிறார். அவர் நலம் பேணும் பொறுப்பில் ஒரு பகுதியும் அவரோடு மருத்துவமனையிலிருந்து பணியிடத்துக்கு வந்துவிடுகிறது. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. நீடித்த நோயுடையவருக்கு, விழித்திருக்கும் பொழுதில் பாதிநேரம் உடனிருப்பவர் யார்? மனைவியோ மகனோ அல்லர், உடன் பணிபுரிபவரே. அன்று அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி செய்தது நான்காம் கூறுக்கு உரிய பணியைத்தான்.

அப்படியானால், நோயுடையோர்க்கு நல்ல பணியிடம் எவ்வாறு இருத்தல் வேண்டும்? என் பட்டறிவில் கண்ட நான்கினைக் கூறுகிறேன்.

முதலாவது, அச்சமின்மை. தன் நோயை மேலாளரிடம் சொன்னால் வேலை போகாது, பதவி உயர்வு தடைப்படாது, செய்தி ஊரெங்கும் பரவாது என்னும் நம்பிக்கை பணியாளருக்கு வேண்டும். மறைக்கப்பட்ட நோய் இருமடங்கு ஆபத்தானது. சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. சொன்னதைப் பிறர் செவியிற் போடவும் கூடாது.

இரண்டாவது, நேரம். சிலருக்குக் குறித்த வேளையில் உணவு வேண்டும். சிலருக்கு மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்ல அரைநாள் வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டு இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை சில மணி நேரம் வேண்டும். வலிப்பு நோயுடைய பலருக்குத் தூக்கம் கெடுதல் ஆகாது. அவரை இரவு முறை வேலையிலிருந்து விடுவித்தால் ஆண்டு முழுவதும் நலமாக உழைப்பார். கடிகாரத்தின் முள்ளைச் சிறிது வளைத்துக் கொடுத்தால் மனிதர் ஒடியாமல் இருப்பார்.

மூன்றாவது, இடம். உட்கார ஓர் இருக்கை, குடிக்க நல்ல நீர், தூய்மையான கழிப்பறை, தூசியில்லாத காற்று ஆகியவை ஆடம்பரம் அல்ல. கழிப்பறை இல்லாத காரணத்தால் நாள் முழுவதும் நீர் அருந்தாமலே உழைக்கும் பெண்களை நீங்கள் அறிவீர்கள். துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பவர்களின் வீங்கிய பாதங்களையும் பார்த்திருப்பீர்கள். கடைப் பணியாளர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று கேரள மாநிலம் 2018 ஆம் ஆண்டிலும் நம் தமிழ்நாடு 2021 ஆம் ஆண்டிலும் சட்டம் செய்தன. உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

நான்காவது, சொல். 'சர்க்கரை மூட்டை' என்றும் 'இழுப்புக்காரன்' என்றும் வேடிக்கையாகப் பேசுவோர் உண்டு. பேசுபவருக்கு அது ஒரு நொடி நகைப்பு. கேட்பவருக்கு அன்று முழுவதும் வேலை ஓடாது. நல்ல இருக்கையும் நல்ல காற்றும் இருந்தும், நாவடக்கம் இல்லாத பணியிடம் நோயைப் பெருக்கவே செய்யும்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் நான் மீண்டும் ஒருமுறை தவறினேன் என்று சொன்னால் நீங்கள் வியப்புறக் கூடும். கணித ஆசிரியருக்கு நான் செய்த ஏற்பாடுகளைப் பலரும் பாராட்டினர். எனக்கும் உள்ளூரப் பெருமிதமாக இருந்தது. அதே காலத்தில் எங்கள் பள்ளியில் நாட்கூலிக்குத் துப்புரவுப் பணி செய்த அம்மையார் ஒருவர் இருந்தார். மாலையில் பதினெட்டு வகுப்பறைகளைப் பெருக்குவார். சுண்ணக்கட்டித் தூளும் புழுதியும் புகைபோல் எழும். அவர் இருமுவார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேலும் பெருக்குவார். சில நாட்களில் மூச்சுத் திணறலால் வேலைக்கு வர இயலாது. வராத நாளுக்குக் கூலி இல்லை என்பது விதி. நான் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தேன். ஒரு கோடை விடுமுறைக்குப் பின் அவர் வரவில்லை. வேறொருவரை அமர்த்தினோம். அவருக்கு ஆஸ்துமா முற்றிவிட்டது என்பதைப் பின்னொரு நாள் அவர் மகன் சொல்லித்தான் அறிந்தேன்.

பெருக்குவதற்கு முன் தரையில் சிறிது நீர் தெளித்திருந்தால் புழுதி அடங்கியிருக்கும். ஒரு வாளி நீர்! ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைக்கும்படி மாணவர்களிடம் சொல்லியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும். ஆசிரியரின் நோய் அதிகாரியின் கண்முன் நேர்ந்தது. ஆகவே அதை நான் கண்டேன். அம்மையாரின் நோய் பள்ளி கலைந்தபின் நேர்ந்தது. ஆகவே அதை நான் காணவில்லை. பணிப்பதிவேடு உடையவருக்கு இரக்கம் காட்டுவது எளிது. பதிவேட்டில் பெயரே இல்லாதவரிடத்தில்தான் நம் இரக்கம் உண்மையானதா என்பது தெரியவரும். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பும் எனக்குக் கிட்டவில்லை.

தனிமனிதரின் இரக்கத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதற்காகவே சட்டங்கள் தோன்றின. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948 இல் இயற்றப்பெற்றது. அதன் திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. நோயுற்ற காலத்தில் தொழிலாளிக்குப் பண உதவி கிடைக்கவும், அவ்வுதவி பெறும் நாட்களில் அவரை வேலையிலிருந்து நீக்காதிருக்கவும் அச்சட்டம் வழி செய்தது. எய்ட்ஸ் நோய்க் கிருமி உடலில் இருப்பதாலேயே வேலை மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கில், 1997 ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தெளிவான நெறியை வகுத்தது. ஒருவர் தம் வேலையைச் செய்யும் ஆற்றல் உடையவரா, பிறருக்கு அவரால் ஆபத்து உண்டா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். நோய் உண்டு என்பது மட்டுமே வேலையை மறுக்கக் காரணம் ஆகாது என்பது அதன் கருத்து. பின்னர் 2017 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஒரு தனிச் சட்டம் அக்கிருமி உடையோரைப் பணியிடத்தில் வேறுபடுத்தி நடத்துதலைத் தடை செய்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய 2016 ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு நிலைகளைக் குறிப்பிடுகிறது. பார்வையின்மை முதலியவற்றோடு பார்க்கின்சன் நோய், தாலசீமியா, இரத்தம் உறையாமை ஆகிய நோய்களும் அவற்றுள் அடங்கும். அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்கு அத்தகைய குறை நேரிட்டால், அவரைப் பணியிலிருந்து நீக்கலாகாது. தம் பழைய வேலையைச் செய்ய இயலாதவரை அதே ஊதிய நிலையில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஆணை.

ஆயினும், நீரிழிவும் ஆஸ்துமாவும் அந்த இருபத்தொன்றில் இல்லை. நாட்கூலிப் பெண்மணியைச் சட்டம் எட்டிப் பார்ப்பதும் அரிது. சட்டம் எட்டாத இடத்தில் நம் மனச்சான்றுதான் வேலை செய்ய வேண்டும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். 'ஒருவருக்குச் சலுகை காட்டினால் மற்றவர்க்குச் சுமை கூடுமே, அது நீதியா?' என்று சிலர் கேட்பர். நான் ஆசிரியன், வகுப்பறையிலிருந்தே விடை சொல்கிறேன். கண்பார்வை குறைந்த மாணவனை நாம் முன்வரிசையில் அமர்த்துகிறோம். இதனைப் பின்வரிசை மாணவன் அநீதி என்று சொல்வதில்லை. எல்லாரையும் ஒரே இடத்தில் அமர்த்துவது சமத்துவம் அன்று. எல்லாரும் கரும்பலகையைக் காணும்படி செய்வதே சமத்துவம். கணித ஆசிரியரின் நான்காம் பாடவேளையை ஏற்றுக்கொண்ட தமிழாசிரியருக்கு முதற் பாடவேளை ஓய்வு கிடைத்தது. சுமை கூடவில்லை, இடம் மாறியது, அவ்வளவே. சுமை மெய்யாகவே கூடும் இடங்களும் உண்டு. அங்கே ஒருவர் தலையில் மட்டும் அதனை ஏற்றாமல் பலரும் பகிர்ந்து கொள்ளும்படி செய்வது மேலாளரின் கடமை.

நோயுடையவருக்கும் கடமை உண்டு. மருந்தைத் தவறவிடாமை, மருத்துவர் சொல்லைக் கேட்டல், தம்மால் இயலாததை இயலும் என்று சாதியாமை ஆகியன அவை. வலிப்பு அடங்காத ஒருவர் பேருந்து ஓட்டுதல் தகாது. அவருக்கு வேறு வேலை தருவது ஒதுக்குதல் ஆகாது. ஆனால் வேலையே தராமல் வீட்டுக்கு அனுப்புவது ஒதுக்குதலே.

மாணவச் செல்வங்களே, இவையெல்லாம் பெரியவர் செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. நீரிழிவுடைய ஒருவர் வியர்த்து, தடுமாறி, குழறிப் பேசினால், அவர் விழுங்கும் நிலையில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுமுறையும் கொடுங்கள். நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 எண்ணை அழையுங்கள். வலிப்புக் கண்டவர் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். அதனால் பயன் இல்லை. கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். அருகில் உள்ள கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மெல்லிய துணியை வைத்து, ஒருபுறமாகச் சாய்த்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அதே எண்ணை அழையுங்கள். பெரும்பாலும் அதற்குள் வலிப்பு நின்றுவிடும். கண் விழிக்கும்போது கூட்டம் சூழ்ந்து வேடிக்கை பார்ப்பதை அவர் காணலாகாது. அன்பான ஒரு முகத்தையே காண வேண்டும்.

நாளை உங்களில் சிலர் தலைமையாசிரியர் ஆவீர்கள். சிலர் ஆலை மேலாளர் ஆவீர்கள். சிலர் கடை வைத்து நான்கு பேருக்கு வேலை கொடுப்பீர்கள். உங்கள் கீழ்ப் பணிபுரிபவர் ஒருவர் சில நாட்களாகச் சோர்ந்திருந்தால், குறிப்பாணை எழுத மையைத் தொடுமுன், அவரைத் தனியே அழைத்து, 'உடம்புக்கு என்ன? நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?' என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளை நான் கேட்டிருந்தால், நாற்பது மாணவர்களின் முன் ஒரு நல்லாசிரியர் தலைகுனிந்திருக்க மாட்டார். ஒருகால் அந்த அம்மையாரும் வேலையை இழந்திருக்க மாட்டார்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று அந்தப் பள்ளி வாயிலில் சிறிது நேரம் நின்றேன். பழமொழி அப்படியே இருந்தது. அதை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோயின்றி வாழ்வது நற்பேறுதான். ஆனால் அப்பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவரும் மதிப்போடு உழைத்து உண்ணும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. பள்ளி வாயிலில் நான் எழுதத் தவறியதை இன்று உங்கள் உள்ளங்களில் எழுதிவிட விரும்பினேன்.